புத்தகத்தில் ஐந்து இருக்கை

சிங்காநல்லூர்க் குளத்துக்குத் தெற்கே, நீலிக்காடு லேஅவுட் நாலாவது வீதியில், மோட்டார் பம்புக்கு உதிரிச் சாமான் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறை வைத்திருந்த திருமூர்த்தி, தன் நாற்பத்தொன்பதாவது வயதில், ஒரு ஆவணி மாதத்துப் புதன்கிழமையன்று வெந்தய நிறத்தில் ஒரு சின்னக் கார் வாங்கிவந்தான். ரோட்டுக்கு வரும்போது அதன் விலை நாலு லட்சத்து அறுபத்திரண்டாயிரம். சந்து பொந்தில் திருப்பலாம், எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம், பெட்ரோல் குடிக்காது, நாளைக்கு விற்றாலும் விலை நிற்கும் என்று ஷோரூமில் இருந்த பெண் சொல்லியிருந்தாள். அவள் சொன்னதெல்லாம் உண்மைதான். வீட்டு வாசலில் நிறுத்தியபோது, குறுக்கே ஒரு மாடு படுத்திருப்பதைவிட அது பெரிதாகத் தெரியவில்லை.

அந்த வீட்டில் அவனும், வீட்டு முன்பக்கத்தில் மாவு மில் நடத்திக்கொண்டிருந்த அவன் மனைவி சுலோச்சனாவும், ஓசூரில் வேலையிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை வந்துபோகும் மகன் கவினும் இருந்தார்கள். கூடவே திருமூர்த்தியின் அக்கா மாராத்தாளும் இருந்தாள். தாராபுரத்துக்குக் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து இருபத்தாறு வயதில் ஒரு தகரப் பெட்டியோடு திரும்பி வந்தவள், இருபத்தெட்டு வருஷமாக அங்கேதான் இருந்தாள். புருஷனின் அக்காவை அந்தப் பக்கத்தில் நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள், சுலோச்சனாவும் அப்படித்தான் கூப்பிட்டாள். யாரும் மாராத்தாளை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. டி.வி. அணைத்த பிறகு ஹாலில் படுப்பாள், விருந்தாளி வந்தால் சமையலறையில் படுப்பாள், சமையலறையில் பால் காய்ச்ச ஆள் வந்தால் எழுந்து பின்கட்டு நடையில் போய் உட்காருவாள், துணி துவைக்கிறவள் வந்தால் அங்கிருந்தும் எழுந்துகொள்வாள். அந்த வீட்டில் அவள் காதில் அதிகம் விழுந்த வார்த்தை, "கொஞ்சம் நகருங்க நங்கையா" என்பதுதான். அதைக்கூட யாரும் கோபமாகச் சொன்னதில்லை.

வண்டிக்குப் பூஜை போட மருதமலைக்குக் கிளம்பிய அன்று, திருமூர்த்தி, சுலோச்சனா, கவின், சுலோச்சனாவின் தங்கைகள் இரண்டு பேர் என்று ஐந்து பேர் ஏறிவிட்டார்கள். மாராத்தாள் எலுமிச்சம்பழங்களை டயருக்கு அடியில் வைத்துவிட்டு, "நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டப் பாத்துக்கறேன்" என்றாள். எதிர்வீட்டு ரெஜினா, தபால் ஆபீசிலிருந்து ஓய்வுபெற்றவள், மற்றவர் காரியத்தில் கூச்சமில்லாமல் நுழைகிறவள், ஜன்னல் வழியாகத் தலையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "ஏன்க்கா, பின்னால இடம் கெடக்குதே, ஏறுங்க" என்றாள். மாராத்தாள் ஏறினாள். இடம் இருந்தது. அவளுக்குப் பக்கத்திலும் இடம் இருந்ததால் ரெஜினாவும் ஏறினாள், ரெஜினா ஏறியதைப் பார்த்து அவள் வீட்டுக்காரரும், அவரோடு பேசிக்கொண்டு நின்ற பேப்பர் ஏஜெண்ட்டும் ஏறினார்கள், கதவு சத்தமில்லாமல் மூடியது. மலையடிவாரத்தில் இறங்கும்போது ஒன்பது பேர் இருந்தார்கள். யாருக்கும் சட்டை கசங்கவில்லை. "வண்டிக்காரன் நல்லாத்தான் இடம் விட்டுக் கட்டியிருக்கான்" என்று பேப்பர் ஏஜெண்ட் சொன்னார், மற்றவர்கள் அதை ஒத்துக்கொண்டு சாமி கும்பிடப் போனார்கள்.

அதற்குப் பிறகு அந்த வீதிக்கு வேறு வண்டி தேவைப்படவில்லை. ஐப்பசியில் பொள்ளாச்சிக் கல்யாணத்துக்குப் பதினாலு பேர் போனார்கள், தையில் பழனிக்கு முப்பத்தோரு பேர் காவடியோடு போனார்கள், மகளிர் குழு, சர்ச் பாட்டுக்குழு, சீட்டுக் கம்பெனிச் சுற்றுலா என்று ஒவ்வொன்றாக அந்த வெந்தய நிறக் கதவுகளுக்குள் ஏறி உட்கார்ந்து போய்வந்தன. எத்தனை பேர் ஏறினாலும் கடைசியில் ஏறுகிறவருக்குப் பின்னால் இன்னும் ஒரு வரிசை காலியாகக் கிடந்தது. வெளியே வண்டி அதே நீளம்தான், டயர் அமுங்கவில்லை, மைலேஜ் குறையவில்லை. நாளாக ஆக வீதிக்காரர்களுக்கு வண்டியின் உள்வழக்கம் பிடிபட்டது. நாலாவது வரிசையில் ஜன்னலைத் திறந்தால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வரும், அதனால் வயதானவர்கள் அங்கே உட்காருவார்கள். கைக்குழந்தைக்காரிகளுக்கு முதல் மூன்று வரிசை. புதிதாகக் கல்யாணமானவர்களுக்கு ஏழாவது, அங்கே சாயங்காலம் போன்ற ஒரு வெளிச்சம் எப்போதும் இருந்தது. பதினோராவது வரிசை அழவேண்டியவர்களுக்கு. யாராவது அந்தப் பக்கம் எழுந்து போனால் மற்றவர்கள் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், அவர்களே முகம் துடைத்துக்கொண்டு வந்து முறுக்கு கேட்பார்கள். ஒன்பதாவது வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்தவர்கள், முன்னால் இருப்பவர்களைவிட ஒரு டீ குடிக்கிற நேரம் கழித்துத்தான் ஊர்போய்ச் சேர்ந்தார்கள். ஆகவே முகூர்த்தத்துக்குப் போகும்போது பெண் வீட்டாரை முன்னால் உட்காரவைப்பது என்று ஏற்பாடாயிற்று.

ஒருமுறை சூலூர்ச் சோதனைச் சாவடியில் ஒரு இன்ஸ்பெக்டர் வண்டியை நிறுத்தி எல்லோரையும் இறங்கச் சொன்னார். இருபத்தேழு வரைக்கும் எண்ணினார், அதற்குள் போன் வந்தது, பேசிவிட்டு முதலிலிருந்து எண்ணினார், நாற்பதைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டு ஆர்.சி. புக்கை வாங்கிப் பார்த்தார்.

"அஞ்சு சீட்டுன்னு போட்டிருக்குது. யாரந்த அஞ்சு பேரு?"

"முன்னால எறங்குனவங்கங்க" என்றான் திருமூர்த்தி.

"மத்தவங்கெல்லாம்?"

"அவங்க பின்னால வர்றவங்கங்க."

இன்ஸ்பெக்டர் திரும்பிப் பின்னால் இருந்த ரோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ரோடு காலியாக இருந்தது. புக்கைத் திருப்பிக் கொடுத்து, "சீட் பெல்ட் போட்டு ஓட்டுங்க" என்று அனுப்பிவிட்டார். அடுத்த மாதம் பேரூருக்குப் போனபோது அவர் குடும்பமும் ஐந்தாவது வரிசையில் இருந்தது.

இப்படி இரண்டு வருஷம் போனது. மூன்றாம் வருஷம் ஆடிப்பெருக்குக்குக் கொடுமுடி போய்விட்டு எல்லோரும் திரும்பி வந்த நாளில், மாராத்தாள் மட்டும் வண்டியிலிருந்து இறங்கவில்லை. ரெஜினா வீட்டுக்குப் போயிருப்பாள் என்று சுலோச்சனா நினைத்தாள், சுலோச்சனாவோடு இருப்பாள் என்று ரெஜினா நினைத்தாள். மறுநாள் காலை மில்லுக்கு முன்னால் கோதுமையும் மிளகாயும் கொண்டுவந்தவர்கள் வரிசையில் நின்றபோது, டப்பாக்களை வாங்கி வைக்கிற கையைக் காணோமே என்று சுலோச்சனா வெளியே வந்து பார்த்தாள். வாசலில் நின்ற வண்டியின் பின்ஜன்னல் கொஞ்சம் இறங்கியது. மிகத் தூரத்திலிருந்து வருவதுபோல, ஆனால் தெளிவாக, மாராத்தாளின் குரல் கேட்டது.

"கண்ணு, என்ற கண்ணாடிய மட்டும் எடுத்துட்டு வந்து குடுக்கறயா?"

கண்ணாடியைக் கொடுத்தாள். மறுநாள் தகரப் பெட்டியைக் கேட்டாள், அதையும் கொடுத்தாள். ஒரு வாரத்துக்கு, "எப்ப எறங்கறீங்க நங்கையா?" என்று கேட்டுப் பார்த்தாள். பிறகு கேட்கவில்லை. மாராத்தாள் காலையில் குளிக்க மட்டும் வீட்டுக்குள் வருவாள், ஆபீசுக்குப் போகிறவள்போல ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டு திரும்பிப் போவாள். வீதி அதற்கும் பழகிக்கொண்டது. பால்காரர் அரை லிட்டரை டிக்கியின் மேல் வைத்துவிட்டுப் போனார். ரெஜினா மீன் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்தாள். வெளியூர் போகும்போது ஏறுகிறவர்கள், "அக்கா, எந்திரிக்க வேண்டாம், நாங்க பத்தாவதோட நின்னுக்கறோம்" என்று குரல் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்கள். அவள் இருந்தது பதினாலாவது வரிசை. மத்தியான வேளைகளில் வீதிப் பெண்கள் ஒன்றிரண்டு பேராக வந்து, நிறுத்தியிருக்கும் வண்டிக்குள் ஏறிப் பின்னால் போய், ஒரு தூக்கம் போட்டுவிட்டு, கன்னத்தில் சீட்டின் வரி பதிந்திருக்க வெளியே வந்தார்கள்.

நாலாவது வருஷம் கவினுக்குப் பெண் பார்க்கக் கோபிச்செட்டிபாளையத்துக்குப் போனார்கள். பெரிய வீடு, கேட்டுக்குப் பக்கத்தில் இரண்டு பெரிய கார்கள் நின்றன. இவர்கள் வண்டியிலிருந்து இருபத்திமூன்று பேர் ஒருவர் பின் ஒருவராகத் தட்டுகளோடு இறங்கியதைப் பெண்ணின் அப்பா கடைசிவரை நின்று பார்த்தார். எல்லோரும் இறங்கி முடிந்ததும், திருமூர்த்தியின் தோளில் கை வைத்து, சிரித்துக்கொண்டே, "ஏனுங்க, இத்தனை சனம் இருக்குது, பெரிய வண்டியா ஒன்னு வாங்கியிருக்கலாமல்லங்க?" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் திருமூர்த்திக்குக் கேசரி இறங்கவில்லை. மறுநாள் ஷோரூமுக்குப் போய், ஏழு பேர் உட்காரும் உயரமான வெள்ளை வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பழைய வண்டியைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வோம், வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் என்றார்கள்.

ஷோரூம்காரர்கள் சொன்ன விலை சரிதானா என்று தெரிந்துகொள்ள, உக்கடத்தில் பழைய வண்டி வாங்கி விற்கும் ஜப்பார் பாயை வரச்சொன்னான். அவர் வந்து வண்டியைக் கையால் தடவினார், பெயிண்டில் தட்டிப் பார்த்தார், டயரில் நகத்தை வைத்து ஆழம் பார்த்தார், பானெட்டைத் தூக்கி என்ஜின் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டார். கடைசியில் பின்கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். உள்ளே வரிசைக்குப் பின்னால் வரிசையாக, ரயில்நிலையத்தில் நின்று தண்டவாளத்தைப் பார்ப்பதுபோல, இருக்கைகள் குறுகிக்கொண்டே போய்ப் புள்ளியாக மறைந்தன. ஜப்பார் பாய் கதவைச் சாத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டே காலுக்குப் போகுமுங்க."

"பாய், உள்ள பாத்தீங்கல்ல? எத்தனை இடம்!"

"உள்ள எத்தனை இடம் இருந்தா என்னங்க? புக்குல அஞ்சு சீட்டுத்தான போட்டிருக்குது. வாங்கறவன் புக்கத்தானுங்க பாப்பான். முன்னாடி பம்பர்ல ஒரு கீறல் வேற இருக்குது. சிங்கிள் ஓனருங்கறதால இவ்வளவு சொல்றேன்." பிறகு காதைச் சாய்த்து, "உள்ள யாரோ பாடறாங்களே?" என்றார்.

"எங்க அக்காங்க."

"எறங்கிருவாங்கல்ல? ஆளு குடியிருக்கற வீடுன்னாலே வெல பாதிங்க. வண்டிக்குச் சொல்லோணுமா?"

அவர் போனதும் திருமூர்த்தி பின்ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் நின்றான். பட்டறையில் லேத் ஓடும்போது பேசிப் பழகியவன், அதனால் சாதாரணமாகப் பேசினாலே சத்தமாக இருக்கும். ஆனால் அன்றைக்கு அவன் குரல் சின்னதாக வந்தது.

"அக்கா, வண்டிய வெள்ளிக்கெழம குடுக்கறேன். எறங்கி வந்துரு."

உள்ளே பாட்டு நின்றுவிட்டது.

"எறங்கி எங்க நகரட்டும் தம்பி?" என்று கேட்டாள் மாராத்தாள்.

அவள் சண்டைக்காகக் கேட்கவில்லை, எந்த இடம் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். திருமூர்த்தி வாயைத் திறந்தான். ஹால் ஞாபகம் வந்தது, பின்கட்டு நடை ஞாபகம் வந்தது, கல்யாணமாகி வரப்போகும் மருமகள் ஞாபகம் வந்தாள். சொல்ல ஒன்றும் கிடைக்காததால் கோபம் வந்தது. "வெள்ளிக்கெழம காலைல ஆளு வந்துருவான்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று பட்டறைக்குப் போய்விட்டான்.

அன்று செவ்வாய்க்கிழமை. மத்தியானம் மில்லை அணைத்துவிட்டு, கையில் ஒட்டிய மாவைக்கூடக் கழுவாமல், சுலோச்சனா வண்டிக்குள் ஏறினாள். இத்தனை வருஷத்தில் அவள் எட்டாவது வரிசையைத் தாண்டிப் போனதில்லை. இருக்கைகளின் தலையைப் பிடித்துப் பிடித்து, நடப்பதும் தாண்டுவதுமாகப் போனாள். வழியெல்லாம் அந்த வீதியின் மறதி கிடந்தது. ஒற்றைச் செருப்பு, ஊதல், சர்ச்சில் பாடும் தாள், பேப்பர் ஏஜெண்ட்டின் குடை, ஏழாவது வரிசையில் போன வருஷத்து மாலை ஒன்று இன்னும் வாடாமல். பதினோராவதில் சீட்டு ஈரமாக இருந்தது. அதற்குப் பிறகு ஜன்னலுக்கு வெளியே அவர்கள் வீதி இல்லை. கரும்புக்காடு ஒன்று காற்றில் சாய்ந்து நிமிர்ந்துகொண்டிருந்தது, அதன் விளிம்பில் சத்தமில்லாமல் ஒரு ரயில் போய்க்கொண்டே இருந்தது, அது முடிகிற மாதிரி தெரியவில்லை.

பதினாலாவது வரிசையில், இந்தக் கைப்பிடியிலிருந்து அந்தக் கைப்பிடிக்குக் கட்டிய கயிற்றில் ஒரு சேலை காய்ந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே மாராத்தாள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சுலோச்சனாவைப் பார்த்ததும், பழக்கத்தில், சேலையை ஒடுக்கிக்கொண்டு நகரப் போனாள். பிறகு இரண்டு பக்கமும் பார்த்தாள். நகரவேண்டிய தேவை இருக்கவில்லை. அவளுக்கே சிரிப்பு வந்தது.

"உக்காரு கண்ணு. மாவுக் கையோட வந்திருக்கற."

சுலோச்சனா உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ரயிலைப் பார்த்தார்கள்.

"எம்மேல கோபமுங்களா நங்கையா?"

"உம்மேல என்ன கோபம்? இருவத்தஞ்சு வருசத்துல ஒரு நாளு நீ எனக்கு ஆறுன சோறு போட்டதில்ல."

"அப்புறம் ஏனுங்க?"

மாராத்தாள் யோசித்தாள். "நம்ம வீட்டுல நான் எங்க நின்னாலும், அது யாராவது நடந்துபோற வழியாவே இருந்துச்சு கண்ணு. அவ்வளவுதான். வேறொன்னுமில்ல."

சுலோச்சனாவுக்கு மறுத்துச் சொல்லவேண்டும்போல இருந்தது. வீட்டை மனசுக்குள் ஒருமுறை சுற்றி வந்தாள், வாசலிலிருந்து மொட்டைமாடி வரைக்கும், ஒரு மூலை விடாமல். சுற்றி முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒன்னு சொல்லட்டுங்களா? நீங்க இங்க வந்தப்ப, மொதல் மூணு நாளு எனக்குக் கை காலெல்லாம் லேசா இருந்துச்சுங்க. வீடு பெருசாயிட்ட மாதிரி. நாலாவது நாளு மெளகா அரைக்கறப்ப அழுதேன். மெளகாத்தூளுன்னு எல்லாரும் நெனச்சாங்க."

"தெரியும். மில்லு சத்தம் மாறுச்சே" என்றாள் மாராத்தாள். பிறகு, "வண்டிக்கு என்ன வெல சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"ரெண்டே காலுங்க."

மாராத்தாள் எழுந்து நின்று, முன்னால் போய்க்கொண்டே இருக்கும் வரிசைகளையும், பின்னால் போய்க்கொண்டே இருக்கும் வரிசைகளையும் பார்த்தாள். "அவ்வளவுதானா?"

"பம்பர்ல கீறல் இருக்குதல்லங்க" என்றாள் சுலோச்சனா.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் மாராத்தாளுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு சுலோச்சனாவுக்கு, அது அடங்கும்போது மறுபடி மாராத்தாளுக்கு. கண்ணில் தண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒரே வீட்டில் இருபத்தைந்து வருஷம் இருந்தும் சேர்ந்து சிரிக்காத இரண்டு பெண்களும் கரும்புக்காட்டின் ஓரத்தில் சிரித்தார்கள். பிறகு சுலோச்சனா, சும்மா கொஞ்சம் சாய்ந்துகொள்கிறேன் என்று கண்ணை மூடினாள்.

அவள் வண்டியைவிட்டு இறங்கியபோது வியாழக்கிழமை சாயங்காலம் ஆகியிருந்தது. இரண்டு நாளும் மில்லை ரெஜினா ஓட்டியிருந்தாள், அரிசி மாவில் கொஞ்சம் மிளகாய் கலந்துவிட்டதாகவும் யாரும் குறை சொல்லவில்லை என்றும் சொன்னாள். திருமூர்த்தி ஹோட்டல் இட்லிப் பொட்டலத்தோடு வாசலில் உட்கார்ந்திருந்தான். முகச் சவரம் செய்திருக்கவில்லை.

"எறங்குனாளா?"

"இல்லீங்க."

"நாளைக்கு ஆளு வர்றான் சுலோ."

"வண்டிய யாருக்குக் குடுக்கறீங்க?"

"வெல குடுக்கறவனுக்கு."

"அப்படீன்னா நான் குடுக்கறேன்" என்றாள் சுலோச்சனா.

அவள் பேங்கில் பணம் வைத்திருந்தது அவனுக்குத் தெரியும். பழைய மில்லின் பேரிங் தேய்ந்துபோய், அரைக்கும்போது சுவரெல்லாம் அதிர்ந்தது, புது மெஷின் வாங்க மூன்று வருஷமாகச் சேர்த்துக்கொண்டிருந்தாள். "மில்லு?" என்றான். "அது இன்னும் கொஞ்ச நாளு ஆடட்டுமுங்க" என்றாள் அவள். அவள் விளையாடுகிறாள் என்று அவன் நினைத்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான், இட்லிப் பொட்டலத்தைக் கீழே வைத்தான்.

வெள்ளிக்கிழமை காலை வீதியே வாசலில் நின்றது. ஜப்பார் பாய் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். புருஷன் ஒரு பக்கமும் பெண்டாட்டி ஒரு பக்கமும் நின்றார்கள். திருமூர்த்தி, ஏன் சொன்னோம் என்று தெரியாமலே, இரண்டரை என்று சொன்னான். சுலோச்சனா போய்ப் பம்பரைத் தொட்டுக் காட்டினாள். கூட்டம் உச்சுக்கொட்டியது. ஜப்பார் பாய், மாட்டுச் சந்தையில் விலை பேசுவதுபோல, இரண்டு பேர் கையையும் ஒரு துண்டுக்கு அடியில் பிடித்து, விரலை மடக்கி நீட்டி, இரண்டே காலுக்கே முடித்துவைத்தார். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் வீதிக்கு முன்னால் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டது அதுதான் முதல்தடவை, துண்டுக்கு அடியில் திருமூர்த்தியின் கை வேர்த்திருந்தது. ஆர்.டி.ஓ. ஆபீசில் இருந்த அம்மா பாரத்தைப் பார்த்துவிட்டு, "விக்கறவங்க அட்ரஸும் வாங்கறவங்க அட்ரஸும் ஒன்னா இருக்குதே" என்று கேட்டாள். "ஆமாங்க, வண்டி தொலைவா போகலீங்க" என்றாள் சுலோச்சனா.

திருமூர்த்தி அந்தப் பணத்தோடு மேலும் போட்டு வெள்ளை வண்டியை வாங்கினான். அதில் ஏழு இருக்கை இருந்தது, எப்போது எண்ணினாலும் ஏழுதான் இருந்தது. காலையில் ஆறு காலி இருக்கைகளோடு பட்டறைக்குப் போனான், சாயங்காலம் அவற்றோடே திரும்பி வந்தான். கோபிச்செட்டிபாளையத்துச் சம்பந்தம், அந்தப் பெண் வேறொருவரை விரும்பியதால், அதுவாகவே நின்றுபோனது. வெந்தய வண்டியை அவன் தொடவில்லை. "அது இப்ப உன்ற வண்டி" என்று சுலோச்சனாவிடம் சொன்னான், அக்காவோடு பேசுவதையும் நிறுத்திக்கொண்டான். சுலோச்சனாவுக்கு ஓட்டத் தெரியாது. வண்டி ஒரு மாதம் நின்ற இடத்திலேயே நின்றது, சக்கரத்துக்கும் தரைக்கும் இடையில் சிலந்தி வலை கட்டியது, வீதிக்காரர்கள் பஸ்ஸுக்குச் சில்லறை தேட ஆரம்பித்தார்கள்.

பிறகு ஒரு நாள் காலை, குளித்து முடித்த மாராத்தாள் பின்கதவைத் திறக்காமல் முன்கதவைத் திறந்து, ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்து, இருக்கையை முன்னுக்கு இழுத்துக்கொண்டாள். ஐம்பத்தேழு வயதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். கூடப் படித்த பிள்ளைகள் கிளட்ச்சோடு மல்லாடிக்கொண்டிருந்தபோது, பின்னால் உட்கார்ந்து தம்பியின் கையையும் காலையும் அத்தனை வருஷம் பார்த்திருந்தவளுக்கு அது சீக்கிரம் வந்துவிட்டது. நகர்வதில் அவளுக்கிருந்த நிதானம் வேறு யாருக்கும் இல்லை என்று சொல்லிக்கொடுத்தவர் வியந்தார். லைசென்ஸ் தேர்வு அன்று அதிகாரி ஆறாவது வரிசையில் உட்கார்ந்து, பாதியிலேயே தூங்கிப்போய், தெளிந்த முகத்தோடு இறங்கிக் கையெழுத்துப் போட்டார்.

லைசென்ஸ் வந்த மறுநாள், பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, நங்கையாவும் சுலோச்சனாவும் மட்டும் கிளம்பினார்கள். கோவிலுக்கு இல்லை, கல்யாணத்துக்கு இல்லை, எழவுக்கும் இல்லை. எங்கே என்று கேட்டவர்களுக்கு, "சும்மா" என்றார்கள். உக்கடம் தாண்டி, பாலக்காட்டு ரோட்டில், மதுக்கரைச் சுண்ணாம்புமலை வெள்ளையாகத் தெரிய வண்டி போய்க்கொண்டிருந்தது. கணவாயிலிருந்து வந்த காற்றில் ஈரம் இருந்தது. சுலோச்சனா ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு, வரும் போர்டையெல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள்.

"கண்ணு," என்றாள் மாராத்தாள், கண்ணாடியைப் பார்த்தபடி, "பின்னால யாரோ இருக்காங்க."

"நாம ரெண்டு பேருந்தானுங்களே ஏறுனோம்?"

"நல்லாப் பாரு. பதினாலாவதுக்கும் பின்னால."

சுலோச்சனா எட்டிக் கண்ணாடியைப் பார்த்தாள். இருக்கைகள் போய்க்கொண்டே இருந்தன, சின்னதாகி, இன்னும் சின்னதாகி, எறும்பளவுக்குச் சின்னதாகி. அங்கே, இதுவரை யாரும் போகாத ஒரு வரிசையில், ஒரு ஆள் முகத்தின்மேல் பேப்பரைப் போட்டுக்கொண்டு, மூன்று இருக்கைக்கும் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தான். சட்டை நீலக் கட்டம். அதைக் காலையில்தான் அவள் தேய்த்து மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டு வந்திருந்தாள். தலையும் வாராமல், யாரிடமும் சொல்லாமல், எப்போது வந்து ஏறினானோ தெரியவில்லை. வெள்ளை வண்டி வீட்டு வாசலில் நின்றதை இருவரும் பார்த்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தார்கள்.

"எழுப்பட்டுங்களா?" என்றாள் சுலோச்சனா, குரலைத் தாழ்த்தி.

"வேண்டாம். தம்பி சின்ன வயசுலயும் இப்படித்தான், யாராவது எழுப்பற வரைக்கும் தூங்குவான். தூங்கட்டும்."

முன்னால் வேகத்தடை ஒன்று வந்தது. மாராத்தாள் கியரை இறக்கி, வண்டியை முழுக்க நிறுத்துகிற அளவுக்கு மெதுவாக்கி, முன்சக்கரத்தை ஏற்றி இறக்கினாள், பின்சக்கரத்தை ஏற்றி இறக்கினாள். பிறகு கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, அத்தனை வரிசைகளும் அந்த மேட்டின் மேல் ஒவ்வொன்றாக அலுங்காமல் ஏறி இறங்கிக் கடைசி வரிசையும் தாண்டுகிற வரைக்கும், பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்ததைப் பொருட்படுத்தாமல், அந்த வேகத்திலேயே ஓட்டினாள்.